பெட்ரோலில் கலந்த கரும்பு

மும்பையிலோ, தில்லியிலோ, ஐதராபாத்திலோ வாழும் நம்மவர் ஒருவர் தம் ஸ்கூட்டருக்கு எண்ணெய் நிரப்பச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்விடத்தை வடநாட்டார் பெட்ரோல் பம்ப் என்பர். நம் ஊரில் பெட்ரோல் பங்க் என்போம். பெயர் வேறாயினும் அங்கே விற்கும் பொருள் இன்று எங்கும் ஒன்றே. ஐந்து லிட்டர் நிரப்பினால் அதில் ஏறத்தாழ நான்கு லிட்டரே பெட்ரோல். மற்ற ஒரு லிட்டர் எத்தனால். அதாவது, கரும்பிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்தெடுத்து நீர் நீக்கிய எரிசாராயம்.

இக்கலவையைக் குறித்து 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் வாதம் எழுந்தது. வண்டி பழுதாகுமோ, ஓடும் தூரம் குறையுமோ என்று மக்கள் வினவினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாதிட்டோரிற் பலர் இதனை நேற்று முளைத்த புதுமை என்றே கருதினர். உண்மை அதுவன்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டில், பெட்ரோலில் எரிசாராயம் கலப்பதற்கென்றே நம் நாட்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்கும் முன்பே இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பெட்ரோலில் எவ்வளவு கலப்பது என்பதைப் பெரும்பாலும் மோட்டார் எந்திரம் முடிவு செய்ததில்லை. கரும்பு வயலும், மழையும், சந்தை விலையுமே முடிவு செய்து வந்திருக்கின்றன.

தொடக்கம் 1932-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் அன்றைய அரசு, வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் கடும் சுங்கவரி விதித்து, உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளித்தது. அதற்கு முன் இந்தியாவில் இருந்த நவீன சர்க்கரை ஆலைகள் ஏறக்குறைய முப்பதே. நான்கைந்து ஆண்டுகளுக்குள் அவை 130-க்கும் மேற்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி ஐக்கிய மாகாணம் எனப்பட்ட இன்றைய உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் எழுந்தவை. சர்க்கரை பெருகியது, அதனோடு மற்றொன்றும் பெருகியது. சர்க்கரை மணியாகத் திரண்ட பின் எஞ்சும் கரிய, பிசுபிசுத்த பாகு அது. ஆலைக்காரர் அதனை மொலாசஸ் என்பர். நாம் கழிவுப்பாகு என்போம்.

இப்பாகை என்ன செய்வது என்று அக்காலத்து ஆலை முதலாளிகளுக்குத் தெரியவில்லை. குழிகளிலும் ஓடைகளிலும் அது விடப்பட்டது. புளித்து, நாற்றமெடுத்து, நீரைக் கெடுத்தது. சாலை போடுவதற்கு அதனைப் பயன்படுத்திப் பார்த்தனர். அலகாபாத்தின் வேதியியல் அறிஞர் நீல ரத்தன் தார், களர் நிலத்தைத் திருத்த அது உதவும் என்று ஆராய்ந்து கூறினார். ஆயினும் கழிவுப்பாகில் மிஞ்சியிருந்த சர்க்கரையைப் புளிக்க வைத்துச் சாராயமாக வடித்து, அதனைப் பெட்ரோலில் கலந்து மோட்டாரை ஓட்டலாம் என்ற எண்ணமே மேலோங்கியது. 1938-ஆம் ஆண்டில் ஐக்கிய மாகாண, பிகார் அரசுகள் இரண்டும் சேர்ந்து இதனை ஆராயக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. 1940-ஆம் ஆண்டில் ஐக்கிய மாகாணத்தில் எரிசாராயச் சட்டம் வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்குதல் வேண்டும். எந்தச் சாராயத்தை வேண்டுமானாலும் பெட்ரோலில் ஊற்றிவிட முடியாது. புளித்த நீர்மத்தைக் காய்ச்சி வடித்தால் சாராயத்தின் வலிமை ஏறிக்கொண்டே போகும்; ஆனால் எடையளவில் 95 அல்லது 96 சதவிகிதத்தோடு நின்றுவிடும். அதன்பின் எத்தனை முறை காய்ச்சினாலும் சாராயமும் எஞ்சிய நீரும் சேர்ந்தே ஆவியாகிச் சேர்ந்தே இறங்கும். அந்தச் சிறிதளவு நீரே பெரும் பகையாகும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதன்றோ? நீர் கலந்த சாராயத்தைப் பெட்ரோலில் இட்டால், குளிரிலோ சற்றே கூடுதல் ஈரத்திலோ சாராயம் நீரோடு சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எந்திரத்திற்குப் பெட்ரோலுக்குப் பதில் அந்த அடிநீர் போய்ச் சேரும், வண்டி நின்றுவிடும். ஆகவே நீரை அறவே நீக்க வேண்டியிருந்தது. பென்சீன் போன்ற மூன்றாவது பொருள் ஒன்றைச் சேர்த்துக் காய்ச்சி, அது நீரை இழுத்துக்கொண்டு போகுமாறு செய்யும் முறையை அக்காலத்தார் கையாண்டனர். நீரை மட்டும் பற்றிக்கொள்ளும் நுண்துளைக் கற்களின் ஊடே ஆவியைச் செலுத்தும் முறை பிற்காலத்தது. இந்த நீர் நீக்கமே எரிசாராயத்தைக் குடிசாராயத்தினின்றும் வேறுபடுத்தியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும், எரிசாராயம் என்பது 99.5 சதவிகிதத்திற்குக் குறையாத வலிமை உடையதாதல் வேண்டும் என்று வரையறுத்தது.

வடக்கில் இவ்வாறிருக்க, தெற்கே சமஸ்தானங்களும் இம்முயற்சியில் இறங்கின. பெங்களூரிலிருந்து மைசூருக்கு இரயிலில் செல்வோர் இடையே மண்டியாவைக் கடப்பர். அங்கே 1933-ஆம் ஆண்டில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி தோன்றியது. கிருஷ்ணராஜசாகரத்தினின்று பிரிந்த கால்வாய் அதுவரை மழையை நம்பியிருந்த புன்செய்யைக் கரும்புக் கழனியாக்கியதன் பயனே அவ்வாலை. அக்கால்வாய்க்கு முதலில் இர்வின் பெயரும், பின்னர் விசுவேசுவரய்யா பெயரும் வழங்கலாயின. ஆலையை ஒட்டி வடிப்பாலையும் எழுந்தது. எரிசாராயம் செய்வதில் மைசூரும் ஐதராபாத்தும் முன்னோடிகளாயின. கீழே தஞ்சைத் தரணிக்கு ஓடிவரும் அதே காவிரி நீர்தான் மேலே கரும்பாகி, பாகாகி, எரிசாராயமாயிற்று என்பதை நாம் மனத்திற் கொள்வோம். நீரைப் பற்றிய பேச்சு மீண்டும் வரும்.

பின்னர் உலகப்போர் மூண்டது. இந்தியாவுக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வழங்கிவந்த பர்மாவில், 1942-ஆம் ஆண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. தமிழ்நாட்டுச் சாலைகளில் கரியை எரித்து அதன் வாயுவில் பஸ்கள் ஓடியதை நம் பாட்டனார் தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். எரிசாராயத்திற்கும் அப்போதுதான் மதிப்பு உயர்ந்தது. அயல்நாட்டு எண்ணெயை நம்பியிருத்தல் எத்தகைய இடர் என்பதை அப்போர் கற்பித்தது. கழிவுப்பாகு வீணாகாமை, எண்ணெய் இறக்குமதிக் குறைவு ஆகிய நோக்கங்களோடு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. எரிசாராயத் தொழில் மைய அரசின் கட்டுப்பாட்டில் வந்தது. உத்தரப் பிரதேசம் முதலிய பகுதிகளில் கலப்புப் பெட்ரோல் சில காலம் விற்கவும் பட்டது.

ஆயின் அது நிலைத்ததா? நிலைக்கவில்லை. சட்டத்தை ஒருவரும் எதிர்க்கவுமில்லை. எந்திரம் அதனை ஏற்க மறுக்கவுமில்லை. கழிவுப்பாகுக்கு வேறு நல்ல கிராக்கி வந்துவிட்டது, அவ்வளவே. 1954-ஆம் ஆண்டு தொடங்கி மும்பையின் டிராம்பேயிலும், பின்னர் விசாகப்பட்டினத்திலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பெட்ரோல் உள்நாட்டிலேயே கிடைக்கலாயிற்று. அதே வேளையில் இரசாயனத் தொழில்கள் சாராயத்தைத் தேடி வந்தன. கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் 1959-ஆம் ஆண்டில் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்தனர். உத்தரப் பிரதேசத்துப் பரேலியில் 1963-ஆம் ஆண்டில் சாராயத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒருகாலத்தில் குழியில் விடப்பட்ட பாகு இப்போது விலைபெற்ற மூலப்பொருளாயிற்று. அதனைப் பெட்ரோலில் ஊற்றி எரிப்பானேன் என்ற எண்ணம் எழுந்தது. கலப்பு மெல்ல மறைந்தது. சட்டம் மட்டும் ஏட்டில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில், பயனற்ற பழைய சட்டம் எனக் கருதி, அதனையும் நீக்கினர்.

நாம் கைவிட்ட அவ்வழியில் வேறொரு நாடு நெடுந்தூரம் சென்றிருந்தது. பிரேசில் நாடு 1931-ஆம் ஆண்டிலேயே இறக்குமதிப் பெட்ரோலில் 5 சதவிகிதம் எரிசாராயம் கலக்க ஆணையிட்டிருந்தது. 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, அதே சமயம் சர்க்கரை விலையும் பின்னர் சரிந்தபோது, 1975-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாடு பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1979-ஆம் ஆண்டில் எரிசாராயம் மட்டுமே அருந்தி ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. 1980-களின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வகையினவே. ஆனால் சர்க்கரைக்கு உலகச் சந்தையில் நல்ல விலை வந்ததும் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. 1989-90-இல் எரிசாராயத்திற்குத் தட்டுப்பாடு வந்தது. கார்கள் வரிசையில் நின்றன. மக்கள் நம்பிக்கை இழந்தனர். 2003-ஆம் ஆண்டில் இரண்டு எரிபொருளையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் எந்திரம் வந்த பின்னரே அந்நம்பிக்கை மீண்டது. இன்று பிரேசிலில் எரிசாராயமும் கலப்புப் பெட்ரோலும் தனித்தனிக் குழாயில் விற்கின்றன. எரிசாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்திற்குக் கீழே இருந்தால் அது இலாபம் என்ற கணக்கை அங்கே சாதாரண ஓட்டுநரும் அறிவார்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். பழைய சட்டத்தை நீக்கிய மறு ஆண்டே, 2001-ஆம் ஆண்டிலேயே, எரிசாராயக் கலப்பு மீண்டும் சோதனைக்கு வந்தது விந்தையே. இம்முறையும் காரணம் சர்க்கரை மிகுதிதான். மகாராஷ்டிரத்தில் மிரஜ், மன்மாட் ஆகிய இரண்டு இடங்களிலும், உத்தரப் பிரதேசத்தில் அதே பரேலி மாவட்டத்து ஆவ்லாவிலும் சோதனை நடந்தது. 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவிகிதக் கலப்பு கட்டாயமாயிற்று. தமிழ்நாடும் புதுச்சேரியும் அவற்றுள் அடங்கும். நம்மவர் மிகுதியாக வாழும் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், ஆந்திரம் ஆகியனவும் அடங்கும்.

ஆணை பிறந்த வேளையில் வறட்சியும் பிறந்தது. மகாராஷ்டிரத்துக் கரும்பை வெள்ளைக் கம்பளி அசுவினியும் தாக்கியது. 2002-03 பருவத்தில் ஏறத்தாழ 200 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை உற்பத்தி மறு பருவத்தில் 140 லட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது. கரும்பு இல்லையேல் பாகு இல்லை. பாகு இல்லையேல் சாராயம் இல்லை. கடல் கடந்து பிரேசிலிலிருந்து எரிசாராயம் தருவிக்க நேர்ந்தது. அயல்நாட்டை நம்பாதிருக்க எடுத்த மருந்தையே அயல்நாட்டிலிருந்து வாங்கும் நிலை! 2004-ஆம் ஆண்டில் கட்டாயம் தளர்த்தப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் திட்டம் மீண்டும் விரிந்தது. எனினும் 2013-14-இல் நாட்டின் சராசரிக் கலப்பு 1.53 சதவிகிதமே.

அதன்பின் வந்த மாற்றத்திற்குக் காரணம் விலையும் மூலப்பொருளும் ஆகும். 2014-ஆம் ஆண்டில் எரிசாராயத்திற்கு அரசே விலை நிருணயித்தது. 2018-ஆம் ஆண்டில், கடைசிக் கழிவுப்பாகு மட்டுமன்றி, சர்க்கரை மிகுந்த இடைப்பாகும், கரும்புச் சாறும், தானியமும் எரிசாராயமாகலாம் என்று கொள்கை வகுத்தது. இதன் பொருளைச் சற்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டன் கரும்பின் கடைசிக் கழிவுப்பாகிலிருந்து ஏறக்குறைய 10 லிட்டர் எரிசாராயமே கிடைக்கும். சர்க்கரை தனியே கிடைத்துவிடும். சாற்றையே புளிக்க வைத்தால் 70 லிட்டர் கிடைக்கும், சர்க்கரை கிடைக்காது. முன்னது கழிவை எரித்தல். பின்னது விளைச்சலையே எரித்தல். 1930-களில் பிறந்த எண்ணம் முன்னதைச் சார்ந்தது. இன்றைய அளவு பின்னதின்றி எட்டக்கூடியதன்று.

அளவு விரைந்து ஏறியது. 2022-ஆம் ஆண்டு ஜூனில், குறித்த காலத்திற்கு ஐந்து திங்கள் முன்பே, 10 சதவிகிதத்தை எட்டினர். 2030-ஆம் ஆண்டுக்கென வைத்திருந்த 20 சதவிகித இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-ஆம் ஆண்டிலேயே எட்டினர். கரும்பு உழவருக்கு ஆலைகள் வைத்திருந்த நிலுவை தீர இது உதவியதென்பதையும், எண்ணெய்க்காக வெளியே செல்லும் அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி மிஞ்சியதென்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வயலும் மழையும் தம் பழைய உரிமையை விட்டுவிடவில்லை. 2023-ஆம் ஆண்டில் மழை பொய்த்ததும், டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எரிசாராயம் செய்வதை அரசு தடுத்தது; பின்னர் ஓரளவு தளர்த்தியது. அவ்விடத்தை மக்காச்சோளம் நிரப்பியது. அதன் விளைவாக, மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-ஆம் ஆண்டில் அதனை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடாயிற்று. எங்கிருந்து? உக்ரைனிலிருந்தும் மியன்மாரிலிருந்தும். 1942-ஆம் ஆண்டில் பர்மாவின் பெட்ரோல் நின்றதால் எரிசாராயத்தை நாடினோம். எண்பது ஆண்டுக்குப் பின் எரிசாராயம் பெருகியதால் அதே பர்மாவின் மக்காச்சோளத்தை நாடினோம்.

இனி வண்டிக்கு வருவோம். எரிசாராயம் எந்திரத்திற்குப் பகையன்று. தட்டலின்றி எரியும் பண்பு பெட்ரோலைவிட அதற்கு மிகுதி. எனினும் ஒரு லிட்டர் எரிசாராயத்தில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரு பங்கே. மேலும் அது ஈரத்தை ஈர்க்கும். அதற்கெனச் செய்யப்படாத ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் உப்பச் செய்யும். சில உலோகங்களை அரிக்கும். 2023-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வரும் புதிய வண்டிகள் 20 சதவிகிதக் கலவையைத் தாங்கும் பொருள்களால் ஆனவை. அதற்கு முன் வாங்கிய கோடிக்கணக்கான வண்டிகள் அத்தகையன என்று சொல்ல இயலாது. நீதி ஆயோக் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தனிப் பெட்ரோலுக்கென அமைந்து 10 சதவிகிதக் கலவைக்குத் திருத்தப்பட்ட கார்களில் 20 சதவிகிதக் கலவையால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவிகிதம் குறையும் என்றும், அத்தகைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவிகிதம் குறையும் என்றும் மதிப்பிட்டது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார் 14 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்ளலாம். அவ்விழப்பை ஈடுசெய்யக் கலப்பு எரிபொருளுக்கு வரிச்சலுகை தருவதைப் பரிசீலிக்கலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. கலப்பற்ற பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய வழக்கை 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இவ்விடத்தில் நாம் இரண்டு செய்திகளைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். முதலாவது, தண்ணீர். கரும்பு வழியே ஒரு லிட்டர் எரிசாராயம் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று அதே அறிக்கை கணக்கிட்டது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்களை நாம் அறிவோம். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், அது ஏறக்குறைய 190 குடம். கழிவுப்பாகை வடிப்பதற்கு இக்கணக்கை முழுதும் ஏற்ற வேண்டியதில்லை. கரும்பு சர்க்கரைக்காகவே விளைந்தது. எரிசாராயத்திற்கென்றே கரும்பை விளைக்கும்போது அக்கணக்கிலிருந்து தப்ப வழியில்லை.

இரண்டாவது, சொல்லிச் செய்தல். இவ்வரலாற்றில் ஆலைக்காரரின் இடர் பேசப்பட்டது. உழவரின் நிலுவை பேசப்பட்டது. அரசின் செலாவணி பேசப்பட்டது. இவையனைத்தும் நியாயமான கவலைகளே. ஆனால் பழைய ஸ்கூட்டரில் தினந்தோறும் வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம், "உன் தொட்டியில் இன்ன அளவு இது இருக்கிறது; உன் வண்டிக்கு இது பொருந்தும், அல்லது பொருந்தாது; உனக்கு இவ்வளவு இழப்பு, அதற்கு இது ஈடு" என்று முன்னதாகச் சொன்னவர் மிகச் சிலரே. பிரேசிலின் ஓட்டுநர் குழாயைத் தேர்ந்தெடுக்கிறார். நம் ஓட்டுநருக்குக் குழாய் ஒன்றுதான். குழாய் ஒன்றாயினும், உண்மை முழுவதும் எழுதிய பலகை ஒன்று அதன் அருகே இருத்தல் கூடாதா?

1930-களில் ஓடைகளைக் கெடுத்த பாகை நல்வழியில் செலுத்த விரும்பியவர் எண்ணம் உயர்ந்தது. அதனை இன்றும் நாம் போற்றுவோம். கழிவு உள்ளவரை அதனை எரிபொருளாக்குவது அறிவுடைமை. கழிவு போதாமல் பயிரையும் நீரையும் தானியத்தையும் தேடிச் செல்லும்போது, ஒவ்வொரு சதவிகிதத்தையும் ஏற்றுமுன் மழையைக் கேட்டு ஏற்றுதல் வேண்டும். கேளாமல் ஏற்றியபோது என்ன நிகழ்ந்தது என்பதை 2003-ஆம் ஆண்டும் 2023-ஆம் ஆண்டும் நமக்குக் காட்டியிருக்கின்றன.

அடுத்த முறை மண்டியாவையோ மன்மாட்டையோ இரயிலில் கடக்கும் நண்பர்கள் சன்னலுக்கு வெளியே சற்று நோக்குக. அங்கே அசையும் கரும்பில் ஒரு பங்கு, நாளை நம் வண்டியின் தொட்டிக்கு வந்து சேரலாம். அவ்வாண்டு மழை எப்படி என்று உடன் பயணம் செய்வோரிடம் கேட்டுப் பார்ப்பதும் நன்று.